பழைய புடவையும் முதுகு திறந்த கவுனும்

இங்கே புனேயில் பிரசவ ஆஸ்பத்திரிகள் பலவற்றில் எட்டாம் மாதம் வாக்கில் ஒரு காகிதம் கொடுப்பார்கள். வரும்போது கொண்டுவர வேண்டிய சாமான்களின் பட்டியல். முன்பக்கம் திறக்கிற நைட்டி இரண்டு, உள்ளாடை, நாப்கின், குழந்தைக்குத் துணி, குல்லாய், ஃபைல், ஆதார் ஜெராக்ஸ் இத்யாதி. நகை வேண்டாம், நகப்பூச்சு வேண்டாம் என்று அடியில் இரண்டு வரி. என் அக்கா பெண் (ஹிஞ்சவடியில் மென்பொருள் வேலை, இது முதல் பிரசவம்) அந்தக் காகிதத்தை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். "சித்தி, இதெல்லாம் குழந்தை பிறந்தப்புறம் போட்டுக்கத்தானே? பிறக்கும்போது நான் எதைப் போட்டுக்கறது?"

அவளுக்குச் சொன்ன பதிலைப் பிறகு சொல்கிறேன். கேள்வி மட்டும் என்னை விடவில்லை. ஊசி மருந்து தயாரிக்கும் கம்பெனியில் நுண்ணுயிரியல் பரிசோதனை என் வேலை. கிருமியில்லாத அறைக்குள் போக ஒரு நாளைக்கு மூன்று தடவை உடை மாற்றுகிறவள் நான். ஒவ்வொரு உடைக்கும் ஒரு காரணம் எழுதி வைத்திருப்போம். பிரசவ அறையின் உடைக்கு மட்டும் யார் காரணம் எழுதினார்கள் என்று தேட ஆரம்பித்தால், இருநூறு வருஷத்துக் கதை கிடைக்கிறது. அதில் அந்தப் பெண்ணைக் கேட்டு முடிவு செய்ததாக ஒரு இடம்கூட அகப்படவில்லை என்பதுதான் விஷயம்.

முதலில் நம் பாட்டிகள் காலத்துக்குப் போவோம். ரவிக்கையும் உள்பாவாடையும் நம் நாட்டில் பரவலாக வந்து நூற்றைம்பது வருஷம்கூட ஆகவில்லை. அதற்கு முன் ஒரே துணி, தைக்காத துணி. பிரசவத்துக்கு அது ரொம்ப சௌகரியமான உடை. முடிச்சைத் தளர்த்தினால் போதும். மேலே தூக்கலாம், போர்த்திக் கொள்ளலாம், பிழிந்து வாயில் கடித்துக்கொள்ளலாம். குந்தி உட்கார்ந்து, உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பின்னாலிருந்து ஒருத்தி இடுப்பைத் தாங்க, முன்னால் மருத்துவச்சி உட்கார்ந்து பிரசவம் பார்ப்பாள். நம் கோயில் தூண்களிலேயே இரண்டு பெண்கள் தாங்கிப் பிடிக்க நின்ற நிலையில் பிள்ளை பெறும் சிற்பங்கள் உண்டு. குழந்தைகளோடு போனால் நாம்தான் வேகமாக நகர்ந்துவிடுவோம்.

மல்லாந்து படுத்துப் பிள்ளை பெறுவது பிற்பாடு வந்த பழக்கம். பிரான்ஸில் மோரிசோ என்ற மருத்துவர் 1668-ல் எழுதிய நூல் கட்டில் பிரசவத்தை ஆதரித்தது, அது ஐரோப்பா முழுக்கப் பரவியது. பார்க்கிறவருக்கு வசதி. படுத்த உடம்புக்குப் புடவை தோதுப்படாது. அடியில் சுருண்டுகொள்ளும், நனைந்தால் இழுத்து எடுக்க முடியாது. உடை மாறியதற்குக் கிருமி மட்டும் காரணமில்லை, உடம்பை வைத்த நிலையும் ஒரு காரணம் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, உடையின் அமைப்பு சௌகரியம். ஆனால் எந்தப் புடவை? அங்கேதான் கோளாறு.

என் பாட்டி கும்பகோணத்துப் பக்கம் வலங்கைமான்காரி. அவளுடைய அக்கா 1938-ல் தலைப்பிரசவம் முடிந்து ஏழாம் நாள் ஜன்னி கண்டு இறந்துபோனாள். பிள்ளை பிழைத்தது. பாட்டி அப்போது பத்து வயசுச் சிறுமி. வீட்டில் நல்ல புடவைக்குப் பஞ்சமில்லை என்பாள். ஆனால் பிரசவத்துக்கென்று பரணில் ஒரு ஓலைப்பெட்டி இருந்தது. அதில் கந்தல். கிழிந்தது, சாயம் போனது, எலி கடித்தது எல்லாம் "அதுக்கு ஆகும்" என்று சேர்ந்துகொண்டே இருக்கும். கொல்லைப்புற அறை, அந்தக் கந்தல், ஒரு பழைய பாய். "நல்லதைக் கொடுத்தா அது தீட்டுல போயிடுமில்ல?" என்று பாட்டி ரொம்ப இயல்பாகச் சொல்லுவாள். அக்காவை நினைத்து அழுகிற அதே வாயால்.

தீட்டின் கணக்கு இதுதான்: அந்த அறைக்குள் போன துணி வீட்டுக்குள் திரும்பி வராது. வண்ணாத்திக்கோ மருத்துவச்சிக்கோ போய்விடும். திரும்பி வராத துணிக்கு நல்லதை யார் கொடுப்பார்கள்? மருத்துவச்சியும் அப்படித்தான். அவளும் தன் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வரமாட்டாள். இந்த வேலைக்கென்றே ஒன்று வைத்திருப்பாள். ஒரு வீட்டில் ஜன்னி கண்ட பெண்ணைத் தொட்ட அதே சேலையோடு அடுத்த வீட்டுக்குப் போவாள். குற்றம் அவள் மேல் இல்லை. அவளுக்குக் கொடுத்த கூலியில் இன்னொரு சேலை வராது.

இதில் ஒரு விசித்திரம் பாருங்கள். நம் ஊர்களில் தீட்டுக் கழிக்க வண்ணாத்தி வெளுத்துக் கொண்டுவரும் 'மாத்து' வேண்டும். வெள்ளாவியில் வைத்து, ஆற்று மணலில் காயப்போட்ட துணி. ஊரிலேயே கிருமி குறைந்த துணி அதுவாகத்தான் இருந்திருக்கும். அதைக் கட்டிக்கொண்டால்தான் தாய் மறுபடி வீட்டு மனுஷி. யாரை வாசலுக்கு வெளியே நிற்க வைத்தோமோ அவள் கையால் வந்த துணிதான் சுத்தம் தந்தது. ஆனால் அது வந்து சேர்ந்ததோ எல்லாம் முடிந்த பிறகு, பத்தாம் நாளோ பதினோராம் நாளோ. வலி எடுத்த அன்றைக்கே அந்த மாத்து வந்திருக்கலாம். ஏழாம் நாள் போனவளுக்கு அது கிடைக்கவேயில்லை.

துணி மட்டும் கொன்றது என்று சொன்னால் என் தொழிலுக்கே துரோகம். பிரசவ ஜன்னிக்குப் பெரும்பாலும் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் முக்கியமாகக் கை வழியாகப் போகும், தொண்டையிலிருந்தும் வரும். துணி அதற்கு ஒரு வாகனம். குழந்தையைக் கொல்லும் தொப்புள் ரணஜன்னி வேறு கதை. டெட்டனஸ் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணியிலும் தூசியிலும் வருஷக்கணக்கில் உயிரோடு இருக்கும். வெயிலில் காயவைத்தாலும் போகாது, சாதாரணமாகக் கொதிக்கவைத்தாலும் நம்பமுடியாது. அழுத்த நீராவியில் 121 டிகிரியில் கால் மணி நேரம் வைத்தால்தான் நிச்சயம். பரணில் தூசி படிந்த கந்தலைக் கிழித்துத் தொப்புளில் கட்டினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் தாய்-சேய் டெட்டனஸ் ஒழிந்துவிட்டதென்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல்தான் உறுதி செய்தது. தடுப்பூசி பாதி, சுத்தமான கை, தரை, கத்தி, கட்டு, தொப்புள் என்று கிராமத்து தாய்களுக்குச் (மருத்துவச்சியை வடக்கே 'தாய்' என்பார்கள், நம் அம்மா இல்லை) சொல்லிக்கொடுத்த 'ஐந்து சுத்தங்கள்' பாதி.

1927-ல் காதரின் மேயோ என்ற அமெரிக்கப் பெண்மணி 'மதர் இந்தியா' எழுதியபோது இந்தக் கந்தலையெல்லாம் கடை பரப்பினார். நாடே கொதித்தது. காந்தி அதைச் சாக்கடை இன்ஸ்பெக்டரின் ரிப்போர்ட் என்று எழுதினார். கோபம் நியாயம்தான், அந்தப் புத்தகத்தின் நோக்கம் நம்மைச் சுயராஜ்யத்துக்கு லாயக்கற்றவர்கள் என்று காட்டுவது. ஆனால் கந்தல் பற்றிய செய்தி பொய்யில்லை. 1903-ல் கர்சன் பிரபுவின் மனைவி ஆரம்பித்த விக்டோரியா நினைவு நிதி, மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தர ஏற்பட்டது. அது 1918-ல் இந்தியாவில் பிரசவ நிலைமை பற்றி வெளியிட்ட தொகுப்பில், இங்கே வேலை பார்த்த டாக்டர்கள் இதையெல்லாம் முன்பே எழுதியிருந்தார்கள். மேயோ அதிலிருந்துதான் எடுத்தார்.

மேயோ சொல்லாமல் விட்டது, அவர் ஊர்க்காரர்களின் கதை. ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரத்து டாக்டர் அலெக்சாண்டர் கார்டன், பிரசவ ஜன்னியை வீடு வீடாகக் கொண்டுபோவது மருத்துவச்சிகளும் டாக்டர்களும்தான் என்று 1795-ல் எழுதினார். தானும் அதில் ஒருவன் என்று ஒப்புக்கொண்டு எழுதினார். நோயாளியின் உடுப்பையும் படுக்கைத் துணியையும் எரி, அல்லது நன்றாகச் சுத்தம் செய். பார்க்கிறவர் குளித்து, தன் உடையைப் புகை போட்டு எடுக்கட்டும் என்றார். ஊரே அவர் மேல் பாய்ந்தது. வியன்னாவில் செம்மல்வைஸ் 1847-ல் மாணவர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவச் சொன்னார். அந்த வருஷம் ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த தாய்மார் சாவு சில மாதங்களில் இரண்டு வாக்கில் இறங்கியது. அதற்கு முன்பு அந்த வார்டுக்குப் போக மாட்டேன் என்று பெண்கள் காலில் விழுந்து அழுதிருக்கிறார்கள். வழியில், தெருவில் பெற்றவர்கள் பலர் பிழைத்திருக்கிறார்கள். வெள்ளை விரிப்புப் போட்ட ஆஸ்பத்திரிக் கட்டில் அன்றைக்குத் தெருவைவிட ஆபத்தாக இருந்தது! அறுவை டாக்டர்கள் ரத்தம் காய்ந்து விறைத்த கோட்டைப் பெருமையாக மாட்டிக்கொண்டு திரிந்த காலம். எங்கள் பரணில் ஓலைப்பெட்டி, உங்கள் ஆணியில் கோட்டு, அவ்வளவுதான் வித்தியாசம். பாஸ்டர் பிரசவ ஜன்னிக் கிருமியைக் கரும்பலகையில் வரைந்து காட்டியது 1879-ல்.

புனேக்காரியாக இருந்துகொண்டு ஆனந்திபாய் ஜோஷியை விட முடியுமா? 1865-ல் கல்யாணில் பிறந்தவர். பதினான்கு வயதில் ஒரு குழந்தை பெற்றார், அது பத்து நாளில் போய்விட்டது. சரியான வைத்தியம் இல்லை. பெண் டாக்டர் வேண்டும் என்ற எண்ணம் அங்கே விழுந்தது. 1883-ல் கப்பலேறி, 1886-ல் பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். பட்டத்துக்கு எழுதிய ஆய்வு என்ன தெரியுமா? ஆரிய இந்துக்களிடையே பிரசவ மருத்துவம். இந்துவாகப் போய் இந்துவாகத் திரும்புவேன் என்று சொல்லிப் போனவர். உணவையும் புடவையையும் விடவில்லை. ஆனால் மராட்டிய ஒன்பது கஜக் கட்டு அந்த ஊர்க் குளிருக்குக் காலை மூடாது என்பதால் குஜராத்திக் கட்டுக்கு மாறினார். தான் எதை உடுத்துவது என்பதைத் தானே யோசித்து, எதை விடலாம் எதை விடக்கூடாது என்று தானே பிரித்தவர். திரும்பி வந்து வேலை தொடங்குவதற்குள், 1887 பிப்ரவரியில், காசநோயால் புனேயில் இறந்தார். இருபத்திரண்டு வயதுகூட நிரம்பவில்லை.

அதே காலத்தில் இன்னொரு துணி குறுக்கே நின்றது. திரை. ஆண் டாக்டர் முன்னால் மனைவி உடை விலகக் கூடாது என்பதற்காக அவளைச் சாகவிட்ட வீடுகள் எத்தனையோ. ஐடா ஸ்கடர் ஒரே இரவில் அப்படி மூன்று பேரைப் பார்த்தார். மூவரும் பிரசவத்தில் இறந்தார்கள். பிறகு அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்து 1900-ல் வேலூரில் தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. சென்னையில் மேரி ஷார்லிப் முயற்சியில் 1885-ல் வந்த ஆஸ்பத்திரியின் பெயரிலேயே 'கோஷா' இருந்தது. திருவல்லிக்கேணியில் இன்றைக்கும் பெரியவர்கள் கஸ்தூரிபா ஆஸ்பத்திரியைக் கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். மும்பையில் காமா ஆஸ்பத்திரி 1886. நாடு முழுக்கப் பெண் டாக்டர்களையும் நர்சுகளையும் உண்டாக்க லேடி டஃபரின் நிதி 1885. இவையெல்லாம் பெண் உடம்பைப் பெண் பார்ப்பதற்காகக் கட்டியவை. துணி விலகலாம், பார்ப்பது பெண்தான் என்ற உத்தரவாதம். அந்த உத்தரவாதம் கிடைத்த பிறகுதான் நம் வீட்டுப் பெண்கள் படி ஏறினார்கள்.

படி ஏறிய பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி முதலில் செய்வது, வீட்டிலிருந்து வந்ததையெல்லாம் கழற்றுவது. பிரசவ ஜன்னிக்குப் பயந்த காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. 1936-ல் லண்டனில் லெனார்டு கோல்புரூக் சல்ஃபா மருந்தால் ஜன்னியைக் குணப்படுத்திக் காட்டிய பிறகும், பென்சிலின் வந்த பிறகும், அந்தச் சடங்கு அப்படியே நின்றுவிட்டது. சடங்கு என்று தெரிந்துதான் சொல்கிறேன். எனிமா, ரோமம் மழித்தல், கவுன், ரெட்டைப் பின்னல். மழித்தால் தொற்று குறைகிறதா என்று 1922-லேயே 389 பெண்களை வைத்துப் பார்த்தார்கள், வித்தியாசம் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 1996-ல்தான் இந்த இரண்டையும் விட்டொழிக்க வேண்டிய பழக்கங்களில் சேர்த்தது. எழுபத்து நாலு வருஷம்! தீட்டைவிடச் சளைத்ததா இது?

ரெட்டைப் பின்னலில் ஒரு வேடிக்கை உண்டு. வட இந்தியாவில் பல இடங்களில் வலி எடுத்ததும் தலைமுடியை அவிழ்த்துவிடுவார்கள். பெட்டிப் பூட்டு, கதவுத் தாழ், துணி முடிச்சு எல்லாம் திறக்கப்படும். வீட்டில் எல்லாம் திறந்தால் உடம்பும் திறக்கும் என்ற நம்பிக்கை. ஆஸ்பத்திரியில் நேர் எதிர். வந்தவுடன் இழுத்துப் பின்னி நுனியில் இறுக்கிக் கட்டு. மல்லாந்து படுக்கும்போது ஒற்றைப் பின்னல் கழுத்தடியில் உறுத்தும், சிக்காகும் என்பது காரணம். காரணம் சரி. ஆனாலும் முடியை அவிழ்க்கச் சொன்ன கிழவிக்கு அந்தப் பெண்ணின் பயம் புரிந்திருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

அப்புறம் வளையல். வளைகாப்பில் அடுக்கிய கண்ணாடி வளையலைப் பிரசவம் பார்த்த மருத்துவச்சிக்குக் கொடுப்பது நம் பல குடும்பங்களில் வழக்கம். இப்போது வலியோடு உள்ளே போகும்போதே ஆயா சோப்பு போட்டுக் கழற்றுவார், உடைந்தால் கை கிழியும், டிரிப்ஸ் ஏற்ற வேண்டும். தாலிக்கு இன்னும் பெரிய பஞ்சாயத்து. அறுவை என்றால் மின்சாரத்தால் ரத்தக்குழாயைச் சுட்டு அடைக்கும் கருவி இருக்கும், உடம்பில் உலோகம் கூடாது. எங்கள் தெருவில் ஒரு மாமியார் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நர்சோடு சண்டை போட்டு, கடைசியில் மஞ்சள் கயிறு மாற்றிக் கட்டி அனுப்பிய கதை உண்டு. இதை முன்கூட்டியே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள் என்று எல்லோருக்கும் சொல்வேன். வலி நேரத்தில் அந்தப் பெண் காதில் விழ வேண்டிய சண்டை இல்லை அது.

என் பிரசவம் 2003-ல், இங்கே ஒரு நர்சிங் ஹோமில். பச்சை கவுன். (1914-ல் சான்பிரான்சிஸ்கோவில் ஷெர்மன் என்ற அறுவை டாக்டர், வெள்ளையில் ரத்தம் கண்ணைப் பறிக்கிறது என்று கீரைப் பச்சைக்கு மாறினார், அதிலிருந்து வந்த நிறம்.) பின்பக்கம் மூன்று நாடா இருக்க வேண்டியது, ஒன்றுதான் இருந்தது. நடந்தால் வலி தேவலை, ஆனால் அந்தக் கவுனில் எப்படி நடப்பது? ஒரு கையால் பின்னால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை நடந்தேன். வார்டு பையன் ஸ்டெச்சர் தள்ளிக்கொண்டு வந்தான். திரும்பப் போய்ப் படுத்தேன், பிறகு எழுந்திருக்கவில்லை. அம்மா கொண்டுவந்த பழைய பருத்திப் புடவையைச் சுற்றிக்கொள்கிறேனே என்று என் அரைகுறை மராத்தியில் கேட்டுப் பார்த்தேன். "ரூல் நஹி" என்றார் சிஸ்டர். வயசான ஆயா ஒருவர்தான் "தாயி" என்று கூப்பிட்டுக்கொண்டே ஒரு படுக்கை விரிப்பை எடுத்து இடுப்பில் கட்டிவிட்டார். மராத்தியில் தாயி என்றால் அக்கா. அந்த நேரத்தில் என் காதில் நம்மூர்த் தாயியாகவே விழுந்தது.

அன்று படுத்தபடியே நான் யோசித்தது, இந்த கவுன் யாருக்காகத் தைத்தது என்று. முதுகு திறந்திருப்பது அறுவைக்கும், முதுகுத்தண்டில் மயக்க ஊசி போடவும், படுத்த நோயாளிக்கு மாற்றிவிடவும் வசதி. நடக்கிற பெண்ணுக்கு இல்லை. குழந்தைக்கும் இல்லை. பிறந்த உடனே குழந்தையைத் தாயின் வெறும் மார்பில் போட வேண்டும், முதல் மணி நேரத்திலேயே பால் கொடுக்க வேண்டும் என்கிறது இன்றைய மருத்துவம். அதற்கு உடை முன்னால் திறக்க வேண்டும். பழைய ஒற்றைப் புடவையில் தலைப்பை விலக்கினால் முடிந்தது. பின்னால் திறக்கிற கவுனில், கழுத்தில் முடிச்சைத் தேடி அவிழ்த்துக்கொண்டிருக்கிறோம்.

அதனால்தான் நைட்டியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தோன்றுகிறது. நம் ஆண்கள் கேலி பண்ணாத நைட்டி உண்டா! 2014-ல் நவி மும்பையில் கோட்டிவலி என்ற கிராமத்தில் பகலில் நைட்டி போட்டால் ஐந்நூறு ரூபாய் அபராதம் என்று அறிவிப்பு வைத்தார்கள், அதை வைத்தது ஒரு மகளிர் மண்டலம். 2018-ல் ஆந்திராவில் தோக்கலப்பள்ளியில் அபராதம் இரண்டாயிரம். ஆனால் இந்தியப் பெண் பிரசவத்துக்குத் தானாகத் தேர்ந்தெடுத்துப் போட்டுக்கொண்டு போகிற முதல் உடை அதுதான். தீட்டும் சொல்லவில்லை, டாக்டரும் சொல்லவில்லை. தளர்வு, பருத்தி, முன்னால் ஜிப்பு, துவைத்தால் போச்சு. எந்த நிபுணரும் வடிவமைக்காத சரியான உடை.

1992-93 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் ஆஸ்பத்திரிப் பிரசவம் நூற்றுக்கு 26 தான். 2019-21-ல் 89. பாட்டியின் அக்காவுக்கு நேர்ந்தது இன்றைக்கு அபூர்வம், அதற்காக நான் ஆயிரம் கவுன் போட்டுக்கொள்வேன். வீட்டுப் பிரசவமே மேல் என்று இணையத்தில் சிலர் எழுதுவதைப் படித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்கள் யாரும் ஜன்னி கண்ட பெண்ணைப் பார்த்ததில்லை. உயிர் பிழைப்பது முதல் கேள்வி. அது பெருமளவு தீர்ந்த பிறகுதான் நாடாவைப் பற்றிப் பேச முடிகிறது, ஆனால் அப்போதாவது பேச வேண்டும் அல்லவா? தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் 2004-லேயே பிரசவ அறைக்குள் உறவுக்காரப் பெண் ஒருவர் கூட இருக்கலாம் என்று கொண்டுவந்தார்கள். மத்திய அரசு 2016-ல் நாடு முழுக்க அதை அனுமதித்தது. கூட இருப்பவர் ஏற்கனவே பிள்ளை பெற்றவராக இருந்தால் நல்லது, சுத்தமான உடை உடுத்தியிருக்க வேண்டும் என்று அதில் நிபந்தனை. அம்மாவோ அக்காவோ பக்கத்தில் இருந்தால் கவுன் விலகுவதை இழுத்து மூடவாவது ஒரு கை இருக்கும்.

அக்கா பெண்ணுக்குச் சொன்னதை இங்கேயும் போடுகிறேன். பருத்தி நைட்டி, உன் அளவுக்கு ஒரு சைஸ் பெரிதாக, முன்பக்கம் முழுக்கத் திறப்பதாக. கை தளர்வாக இருக்கட்டும், ரத்த அழுத்தப் பட்டையும் ஊசிக் குழாயும் அதில்தான் வரும். புதிதை இரண்டு தடவை துவைத்து, வெயிலில் உலர்த்தி, இஸ்திரி போட்டுத் தனிப்பையில் கட்டு. கறையானால் தூக்கிப்போட மனசு வரும் விலையில் வாங்கு. காலுக்கு சாக்ஸ். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது, வலி நேரத்தில் என் உடையிலேயே இருக்கலாமா, நடக்கலாமா என்று வாய்விட்டுக் கேள். சரி என்றால் ஃபைலில் எழுதி வாங்கு. இரவு டியூட்டி சிஸ்டருக்குக் காகிதம் காட்டத் தெரியும், வாக்குவாதம் செய்யத் தெம்பு இருக்காது. கவுன்தான் என்றால், இரண்டு கேள்: ஒன்று பின்னால் திறக்க, அதன் மேல் இன்னொன்று கோட்டு மாதிரி முன்னால் திறக்க. நடக்கலாம். சிசேரியன் ஆனால் அவர்கள் சொல்வதைக் கேள், அங்கே நம் நியாயம் செல்லாது. "இதையெல்லாம் கேட்டா ஓவரா நினைப்பாங்களா சித்தி?" என்றாள். நினைக்கட்டுமே.

அம்மா 2003-ல் கொண்டுவந்த அந்தப் பருத்திப் புடவை என்ன ஆயிற்று என்கிறீர்களா? பாட்டியுடையது அது, நூறு தடவை துவைத்துத் துவைத்து மல் மாதிரி ஆகியிருந்தது. பக்கத்து வீட்டுக் காக்கூ அதைப் பார்த்ததும் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார். இங்கே பிறந்த வீட்டிலிருந்து தாய்க்கும் குழந்தைக்கும் துணிமணி சேர்த்துக் கொடுப்பதை 'பாளந்த்விடா' என்பார்கள். அதில் பழைய புடவைகளை அடுக்கித் தைக்கிற கோதடி என்ற மெத்தை விரிப்பு ஒன்று அவசியம் இருக்கும். புதுத் துணி பிள்ளையைக் குத்தும் என்பார் காக்கூ. பாட்டியின் புடவையைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துத் துவைத்து, மொட்டை மாடியில் இரண்டு நாள் காயப்போட்டார். நடுவில் அது, இரண்டு பக்கமும் அவருடைய மாமியாரின் ஒன்பது கஜம். நெருக்கமான ஓட்டுத்தையல், நான்கு மூலையிலும் சிவப்பு முக்கோணம். என் பெண் அதில்தான் படுத்தாள். இப்போது அது காக்கூ வீட்டில் இருக்கிறது, அவருடைய பேரனுக்கு.